கணக்குக் காட்டாதவர்

பொதுப்பணியை மேற்பார்ப்பவரை மேற்பார்ப்பவர் யார்? இவ்வினாவுடன் நான் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அணுகுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், ஊர்ச்சபையின் விதிகள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டன. முப்பது குடும்புகளினின்றும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் அறுவர் ஏரி வாரியத்தார். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. கரை உடைந்தபின் குற்றவாளியைத் தேடுவதினும், கணக்கை மறைத்தவனைக் கரையருகே வரவொட்டாமற் காப்பதே அறிவுடைமை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. நிலமும் கல்வியும் உடையவர்க்கே அக்குடத்தில் ஓலை இருந்தது. மண் சுமந்தவர்க்கு இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் இன்று குடிமக்கள் எல்லாரும் கணக்குக் கேட்கலாம். கேளாதிருப்பின், குறை நம்முடையதே அன்றோ?