உப்பு மண்ணில் தரை ஊடுருவும் ரேடார்

தரை ஊடுருவும் ரேடார் என்பது, நிலத்தைத் தோண்டாமலே அதற்குள் புதைந்திருக்கும் குழாய், மின்வடம், சுவர் முதலியவற்றை ரேடியோ அலைகளைக் கொண்டு அறியும் முறையாகும். மணலிலும் பனிக்கட்டியிலும் நன்கு செயல்படும் இம்முறை, மரக்காணம் உப்பளங்கள் போன்ற உவர் நிலத்தில் பெரும்பாலும் பயன் தருவதில்லை.

தோற்றமும் வளர்ச்சியும்

1904இல் செருமானியரான கிறிஸ்டியன் ஹூல்ஸ்மேயர், தொலைவிலுள்ள கப்பல்களை ரேடியோ அலைகளால் கண்டறியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1929இல் ஸ்டெர்ன் என்பவர் ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் ஆழத்தை ரேடியோ அலைகளால் அளந்தார். பின்னர், பனிப்படலங்களின் மேல் பறந்த விமானங்களின் ரேடியோ உயரமானிகள் தவறான உயரத்தைக் காட்டின. அலைகள் பனியை ஊடுருவி அடிப்பாறையில் பட்டுத் திரும்பியதே காரணம். இப்பிழையே ஆய்வை ஊக்குவித்தது. 1972இல் அப்பல்லோ 17 விண்கலம் நிலவின் அடித்தரையையும் இவ்வகை அலைகளால் ஆராய்ந்தது. பின்னர் இக்கருவி நகரத் தெருக்களில் குழாய்களைத் தேடும் பணிக்கும் வந்தது.

செயல்படும் விதம்

கருவியின் ஆன்டெனா நிலத்துக்குள் அலைத்துடிப்பை அனுப்புகிறது. மண்ணிலிருந்து வேறுபட்ட பொருளில் பட்டதும் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. குழாயைக் குறுக்காகக் கடந்து சென்றால், திரையில் கவிழ்த்த வில் போன்ற உருவம் தோன்றும்.

அலை சென்று திரும்பும் நேரத்திலிருந்து ஆழம் கணக்கிடப்படுகிறது. அலை ஒரு நானோ நொடியில் உலர்ந்த மணலில் ஏறத்தாழ 15 செ.மீ., நீர் நிறைந்த மணலில் ஏறத்தாழ 6 செ.மீ. செல்லும். எதிரொலி 20 நானோ நொடியில் திரும்பினால், உலர் மணலில் பொருள் 1.5 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஈர மணலில் 60 செ.மீ. ஆழத்திலேயே இருக்கும். மண்ணின் ஈரத்தைத் தவறாகக் கருதினால் கடப்பாரை குழாயில் விழும்.

தமிழகத்தில்

தமிழகத்தில் இம்முறை பலருக்கும் அறிமுகமானது தொல்லியல் வழியாகத்தான். கீழடிப் பகுதியில் இந்திய நிலக்காந்தவியல் நிறுவனம் இக்கருவியால் ஆய்வு செய்தது. மரக்காணமும் தொன்மையான ஊரே. கிரேக்கப் பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா துறைமுகம் இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கு 2005-06இல் அகழாய்வு நடத்தியது.

உப்பு தரும் தடை

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே அதில் நுழையும் ரேடியோ அலையின் ஆற்றல் விரைவில் வெப்பமாகி அழிகிறது. கடல்நீரில் இந்த அலை சில சென்டிமீட்டருக்குள்ளேயே மங்கிவிடும். உப்பளப் பாத்திகளிலும், கழுவெளியை ஒட்டிய உவர் சேற்றிலும் இதே நிலைதான். ஆனால் கடற்கரையை ஒட்டிய உலர்ந்த மணல்மேட்டில், நிலத்தடி நீர்மட்டம் வரை கருவி தெளிவாகக் காட்டும். ஒரே ஊருக்குள் சில நூறு மீட்டர் தொலைவிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம்.

வெற்றுத் திரையின் ஆபத்து

உவர் நிலத்தில் திரை வெறுமையாக இருந்தால் ‘கீழே ஒன்றுமில்லை’ என்று பொருளல்ல. ‘கருவியால் பார்க்க முடியவில்லை’ என்றே பொருள். 2004 சூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிலென்கியன் என்ற ஊரில், கட்டுமானப் பணியின்போது சேதமடைந்திருந்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் உயிரிழந்தனர். இந்தியாவில் முறையற்ற தோண்டுதலால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக அரசு மதிப்பிட்டுள்ளது. தோண்டுவோர் குழாய், வட உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க, ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலி 2023 மார்ச் 22 அன்று தொடங்கப்பட்டது.

கடற்கரைக்கு ஏற்ற வழி

புயல் சேதத்தைக் குறைக்க, தமிழகக் கடலோர நகரங்கள் சிலவற்றில் மின்கம்பிகள் நிலத்தடிக்கு மாற்றப்படுகின்றன. எனவே உவர் மண்ணில் தேடும் தேவையும் கூடுகிறது. உலோகக் குழாயையும் மின்வடத்தையும் மின்காந்த வடங்காட்டியால் அறியலாம். பிளாஸ்டிக் குழாயை அதனால் அறிய முடியாது. எனவே பதிக்கும்போதே உடன் ஒரு செப்புக் கம்பியும், மேலே எச்சரிக்கை நாடாவும் இடுவது நல்லது. ஐயமுள்ள இடத்தில் கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது, பதித்த அன்றே ஆழமும் இடமும் குறித்த வரைபடம். உவர் நிலத்தில் நாளை தோண்டுபவரைக் காப்பது பெரும்பாலும் அந்தத் தாளே.