ஜாஸ் பாணிகள் மாறிவந்த வரலாறு

ஜாஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருவான இசை. அது எந்த இடத்தில், யார் முன்னால் ஒலித்தது என்பதைக் கவனித்தால், அதன் பாணிகள் ஏன் மாறின என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

அந்த இசைக்கு வேண்டிய கூறுகள் நியூ ஆர்லியன்ஸில் முன்பே கூடியிருந்தன. அடிமை முறை இருந்த நாட்களிலேயே காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் ஆப்பிரிக்க மேளமும் ஆட்டமும் நடந்தன. தோட்டப்புறங்களிலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் புளூஸ் பாட்டைக் கொண்டுவந்தார்கள். கலப்பினக் கிரியோல் குடும்பத்துப் பிள்ளைகள் ஐரோப்பிய முறையில் இசைக்குறிப்பு படித்துத் தேர்ந்திருந்தார்கள். ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் அச்சானபின் ராக்டைம் பியானோ நாடெங்கும் பரவியது. இவற்றோடு பித்தளைக் கருவிகள் முழங்கும் தெரு ஊர்வலங்கள் சேர்ந்துகொண்டன. சாவு ஊர்வலத்தில் கல்லறைக்குப் போகும்போது மெல்ல நடந்த வாசிப்பு, திரும்பும்போது துள்ளலாக மாறும்.

முதல் பெரிய பெயர், கார்னெட் வாசித்த பட்டி போல்டன். அவர் 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பில் ஒரு நொடிகூட இன்று கேட்கக் கிடைக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் பேரிழப்பு. அக்காலக் குழுக்களில் கார்னெட் மெட்டைப் பிடித்துச் செல்லும், கிளாரினெட் அதற்கு மேலே பின்னிப் போகும், டிராம்போன் அடியில் இழுத்து நிரப்பும். தனியாக ஒருவர் முன்னே வருவது குறைவு. எல்லோரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசித்தார்கள்.

1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு, ‘ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்’ என்ற வெள்ளையர் குழுவுடையது. அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸின் கேளிக்கைப் பகுதியான ஸ்டோரிவில் மூடப்பட்டது. கலைஞர்கள் வடக்கே போனதற்கு இதையே காரணமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் தெற்கின் இனக் கொடுமையிலிருந்து தப்பவும், தொழிற்சாலை வேலை தேடியும் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் குடிபெயர்ந்ததே வலுவான காரணம். கேட்கும் மக்கள் போன இடத்துக்கு இசையும் போனது.

சிகாகோவில் நிலைபெற்ற கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் 1922இல் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைத் தம் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு இண்டியானாவின் ரிச்மண்ட் ஊரில், ரயில் பாதையை ஒட்டிய ஜெனட் நிறுவனக் கூடத்தில் அந்தக் குழு பதிவு செய்தது. மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பைச் சுற்றி எல்லோரும் நிற்க வேண்டும். முழு டிரம்ஸைப் பதிவுக்கருவி தாங்காது என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டினார். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி ஆலிவரை அமுக்கிவிட்டதால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று உடன் வாசித்த லில் ஹார்டின் சொல்லியிருக்கிறார். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். 1925இல் ‘ஹாட் ஃபைவ்’ என்ற தம் சொந்தக் குழுவோடு பதிவு செய்யத் தொடங்கிய ஆம்ஸ்ட்ராங், அந்த மூன்று நிமிடத்தைத் தனிக் கலைஞரின் களமாக்கினார். 1928இன் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ பதிவில் துணையின்றி அவர் எடுக்கும் தொடக்கம், ஜாஸ் இனி எந்தத் திசையில் போகும் என்பதைத் தீர்மானித்தது.

1920, 30களில் பெரிய நடனக் கூடங்கள் பெருகின. நூற்றுக்கணக்கானோர் ஆடும் இடத்தை நிரப்பப் பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட குழு தேவைப்பட்டது. அத்தனை பேர் சேர்ந்து வாசிக்க எழுதிய இசை தேவைப்பட்டது. டான் ரெட்மனும் ஃப்ளெச்சர் ஹெண்டர்சனும் பித்தளைக் கருவிகளையும் சாக்ஸபோன்களையும் இரு அணியாகப் பிரித்துக் கேள்வியும் பதிலுமாக எழுதினார்கள். இதுவே ஸ்விங். டியூக் எலிங்டன் தம் கலைஞர் ஒவ்வொருவரின் குரலையும் மனத்தில் வைத்து எழுதினார். கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த கவுண்ட் பேஸி குழுவின் தாளம் இலகுவாக ஓடியது. 1935இல் லாஸ் ஏஞ்சலஸின் பாலமார் கூடத்தில் பென்னி குட்மன் வெற்றி பெற்றபோது அவர் வாசித்தவற்றில் முக்கியமானவை ஹெண்டர்சன் எழுதிக் கொடுத்தவை. ஹெண்டர்சனின் சொந்தக் குழுவோ பணமின்றிக் கலைந்திருந்தது. புகழும் பணமும் போய்ச் சேர்ந்த இடம் நியாயமானதல்ல.

இரண்டாம் உலகப் போர் பெருங்குழுக்களை உடைத்தது. கலைஞர்கள் படைக்குப் போனார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஊர் ஊராகப் பயணம் போக முடியவில்லை. 1944இல் நடனக் கூடங்கள் மீது கடும் வரி விழுந்தது. ஆட இடமில்லாத சிறிய விடுதிகளில் நாலைந்து பேர் வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 1940களின் தொடக்கத்திலேயே நியூயார்க் ஹார்லெமின் 118ஆம் தெருவில் இருந்த ‘மிண்டன்ஸ் பிளேஹவுஸ்’ விடுதியில் தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் ஆகியோர் இரவுதோறும் முயன்று பார்த்ததிலிருந்து பீபாப் பிறந்தது. ஆடுவோரின் காலடிக்காகப் பெரிய டிரம்மைத் தொடர்ந்து மிதிக்க வேண்டிய கட்டாயம் நீங்கியதும், கிளார்க் காலப்பிரமாணத்தைச் சிம்பலுக்கு மாற்றினார். டிரம்ஸ் எதிர்பாராத இடங்களில் அடி வைக்கும் விடுதலை பெற்றது. பழைய பாட்டின் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) வைத்துக்கொண்டு மெட்டை விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். ‘செரோக்கி’ பாட்டின் கார்டுகள் மீது பார்க்கர் 1945இல் பதிந்த ‘கோ-கோ’ அப்படிப்பட்டது. அதன் வேகம் இன்றும் திகைக்கவைக்கிறது.

அந்த வேகத்துக்கு மாற்றாக 1949, 1950இல் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் குழு அடங்கிய தொனியில் பதிந்தவை கூல் ஜாஸுக்கு வழிகாட்டின. ஆர்ட் பிளேக்கியும் ஹோரஸ் சில்வரும் புளூஸையும் கறுப்பினத் தேவாலய இசையையும் மீட்டுவந்து ஹார்ட் பாப் பாணியை உருவாக்கினார்கள். 1948இல் வந்த எல்.பி. தட்டு மூன்று நிமிடக் கட்டை அவிழ்த்திருந்ததால் நீண்ட வாசிப்பு பதிவில் இடம்பெற முடிந்தது.

1959 திருப்புமுனை ஆண்டு. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இரண்டே நாள் அமர்வில் பதிவானது. அதில் ‘சோ வாட்’ 32 பார் (தாள அளவு) கொண்ட சுற்று: முதல் 16 பார் ஒரே சுரவரிசை, அடுத்த 8 அரைச் சுரம் மேலே, கடைசி 8 மீண்டும் பழைய இடம். பார்க்கர் காலத்தில் கார்டுகள் நொடிக்கு நொடி மாறின. இங்கே ஒரே இடத்தில் தங்கி விரிக்கலாம். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நிதானம் எளிதில் பிடிபடும். அதே ஆண்டு நவம்பரில் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ‘ஃபைவ் ஸ்பாட்’ விடுதியில், பியானோவே இல்லாத குழுவோடு, முன்கூட்டிய கார்டு வரிசையையும் கைவிட்டு வாசித்தார். கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1960 டிசம்பரில் இரு நால்வர் அணிகளைச் சேர்த்து அவர் பதிந்த ‘ஃப்ரீ ஜாஸ்’ அந்தப் பாணிக்கே பெயர் தந்தது. ஜான் கோல்ட்ரேன் 1964இல் பதிந்த ‘எ லவ் சுப்ரீம்’ ஜாஸை வழிபாடாகவே ஆக்கியது.

அடுத்த பெரிய மேடை ராக் இசையின் திறந்தவெளித் திடல். 1969இல் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ மின்சாரக் கருவிகளோடு, ஜாஸும் ராக்கும் கலந்த ஃப்யூஷன் பாணியைப் பரப்பியது. அதில் கிட்டார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், கர்நாடக இசைக் கலைஞர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். 1970களின் நடுவில் தபலா ஜாகிர் ஹுசேன், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை அமைத்தார். மின்சாரத்தின் பேரொலியை விட்டுவிட்டு அவர்கள் தரையில் அமர்ந்து வாசித்தார்கள்.

1980களில் விண்டன் மார்சாலிஸ் ஆம்ஸ்ட்ராங், எலிங்டன் மரபை முன்னிறுத்தினார். அரங்கங்களும் கல்லூரிகளும் ஜாஸைப் பாடமாக ஏற்றன. புதிய தலைமுறை அந்த வரம்பிலும் நிற்கவில்லை. ராபர்ட் கிளாஸ்பர் 2012இன் ‘பிளாக் ரேடியோ’வில் ஹிப்-ஹாப்போடு ஜாஸைக் கலந்தார், கமாசி வாஷிங்டன் 2015இல் ‘தி எபிக்’ என்ற தொகுப்பை மூன்று தட்டுகளாக, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு வெளியிட்டார்.