எலியின் வாலில் தொடங்கிய வரலாறு

உணவிலுள்ள கொழுப்பு உடலுக்கு வெறும் எரிபொருள். ஏ, டி விற்றமின்களைச் சுமந்து வருவதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. 1920களில் அறிவியலாளர் பலரின் எண்ணம் இதுவாகவே இருந்தது.

இந்த எண்ணத்தை அசைத்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர். கொழுப்பை அறவே நீக்கி, விற்றமின்களைத் தனியே சேர்த்த உணவை அவர்கள் எலிகளுக்குக் கொடுத்தனர். எலிகளின் வளர்ச்சி குன்றியது. தோலும் வாலும் செதில் செதிலாயின. சிறுநீரகங்கள் பழுதடைந்தன, ஈற்றில் அவை மடிந்தன. 1929இல் இதனை வெளியிட்ட அவர்கள், லினோலெயிக் அமிலத்தைச் சிறிதளவு கொடுத்தாலே நோய் நீங்குவதை 1930இல் காட்டினர். சிறிதளவே போதுமெனில் அது எரிபொருளாக இருக்க முடியாது. அப்படியாயின் அதன் பணிதான் என்ன?

விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் அரக்கிடோனிக் அமிலமே புரொஸ்டாகிளான்டின்களின் மூலப்பொருள் என்பதை 1964இல் சுவீடனின் சுனே பெர்க்ஸ்ட்ரோம் குழுவினரும் நெதர்லாந்து ஆய்வாளரும் தனித்தனியே கண்டனர். காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, வலிக்கும் அழற்சியில் இப்பொருட்களுக்குப் பெரும் பங்குண்டு. இவற்றின் உற்பத்தியைத் தடுத்தே அஸ்பிரின் வேலை செய்கிறது என்று 1971இல் பிரித்தானியாவின் ஜோன் வேன் விளக்கினார். பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் ஆகிய மூவரும் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதற்கிடையே 1970களில் டென்மார்க் மருத்துவர்களான பாங், டயர்பேர்க் இருவரும் கிறீன்லாந்தின் இனுயிட் மக்களை ஆராய்ந்து, மீனிலும் கடல் விலங்குகளிலும் உள்ள ஒமேகா-3 கொழுப்பின் மீது உலகின் கவனத்தைத் திருப்பினர். அது அரக்கிடோனிக் அமிலத்துடன் ஒரே நொதியத்திற்காகப் போட்டியிட்டு, வீரியம் குறைந்த பொருட்களைத் தோற்றுவிக்கிறது.

1990இல் இன்னொரு கதவு திறந்தது. பி.பி.ஏ.ஆர். எனும் புரதத்தை இஸ்மன், கிரீன் ஆகியோர் இனங்கண்டனர். கொழுப்பமிலங்கள் இப்புரதத்துடன் இணைந்து, கலத்தின் கருவினுள் சில பரம்பரையலகுகளை இயக்குகின்றன. அழற்சியைத் தூண்டும் சிலவற்றை அடக்குகின்றன. உண்ட கொழுப்பு கட்டளையாகவும் மாறுகிறது என்பது அந்தப் பத்தாண்டில் தெளிவாயிற்று.

இந்த அறிவை வணிகம் உடனே குளிசையில் அடைத்தது. ஆனால் அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 1 கிராம் ஒமேகா-3 உட்கொண்டதால் பெரும் இருதய நோய் நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கலத்தினுள் கட்டளை செல்லும் வழியை அறிவது வேறு. அக்கட்டளையை விலைக்கு வாங்கி உடலை ஆளலாம் என நம்புவது வேறு. ஒரு கொழுப்பைப் பகையென்றும் மற்றொன்றை மருந்தென்றும் விளம்பரங்கள் கூறும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.