குலவரிசையும் குடியுரிமையும்: தொகுகாவா ஜப்பானும் நவீன அரசும்

தொகுகாவா ஆட்சிக்கால (1603–1868) ஜப்பானியச் சமூகத்தைப் போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என நான்கு அடுக்காகக் காட்டுவது பாடநூல் மரபு. கன்பூசிய நூல்கள் வகுத்த இலட்சிய வரிசை அது. நடைமுறையில் கைவினைஞரும் வணிகரும் நகரத்தார் என்ற ஒரே பிரிவாகவே நடத்தப்பட்டனர். அரசவையினருக்கும் துறவிகளுக்கும், எதா, ஹினின் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் அவ்வரிசையில் இடமே இல்லை. ஆகவே யார் மேல், யார் கீழ் என்பதைவிட, அரசு மனிதரை எதன் வழியாக அணுகியது என்று கேட்பதே நவீன ஆட்சிமுறையோடு ஒப்பிடத் தக்க வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொகுகாவா ஆட்சியாளரான ஷோகனின் ஆட்சி குழுக்களின் வழியாகவே நடந்தது. அரிசியாகச் செலுத்தும் வரி ஊருக்கு மொத்தமாக விதிக்கப்பட்டது. ஊர்த்தலைவர் அதை வீடுவாரியாகப் பங்கிட்டார். ஐந்து வீடுகள் கொண்ட குழுவில் ஒரு வீடு தவறினால் மற்ற வீடுகள் பொறுப்பேற்றன. எடோ நகரின் அசகுசாவில் தன்சாயெமோன் என்ற பட்டப்பெயருடைய பரம்பரைத் தலைவர் இருந்தார். கான்தோ வட்டாரத்து எதா மக்களின் வழக்குகளை விசாரித்தவர் அவரே. ஒதுக்கப்பட்டோரையும் அவர்களுள் ஒருவரைக் கொண்டே ஆண்டது அந்த அமைப்பு.

1868-இல் ஷோகனின் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு, குழுக்கள் என்ற இந்த இடைத்தட்டை உடைத்தது. 1871-இல் சிற்றரசுகள் ஒழிந்து மாவட்டங்கள் தோன்றின. அதே ஆண்டில் எதா, ஹினின் என்ற நிலைகளும் சட்டப்படி நீங்கின. 1873-இல் கட்டாயப் படைச்சேவையும், நில மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கட்டும் வரியும் வந்தன. பட்டா வைத்திருந்த உழவர் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் தனியாகவே அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கிளர்ச்சிகள் வெடித்த பிறகே, 1877-இல், வரி 2.5 சதவீதமாகக் குறைந்தது. கடமை இவ்வாறு தனிமனிதரை உடனே வந்தடைந்தது. உரிமை வரத் தாமதமாயிற்று. 1890-இன் முதல் தேர்தலில் குறைந்தது 15 யென் நேரடி வரி செலுத்திய ஆண்களே வாக்களித்தனர்; அவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1925-இல் சட்டமானது. பெண்கள் 1946-இல்தான் வாக்களித்தனர். படிநிலையை ஒழித்ததும் மக்களாட்சி தானே மலரும் என்ற எண்ணத்தை இந்த முக்கால் நூற்றாண்டு மறுக்கிறது.

அதைவிட ஆழமான சான்று 1872-இன் குடும்பப் பதிவேடு. எல்லாரையும் ஒரே ஏட்டில் எழுதவே அது தொடங்கப்பட்டது. ஆயினும் சில ஊர்களில் எழுத்தர்கள் பழைய ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பெயரருகே ‘புதிய பொதுமக்கள்’ என்றோ முந்தைய நிலையையோ குறித்து வைத்தனர். பிறர் பார்வைக்கு அந்த ஏடு மூடப்பட்டது 1968-இல்தான். திருமணத்துக்கும் வேலைக்கும் முன் பூர்விகம் விசாரிப்போருக்கு அதுவரை அது கருவியாயிற்று. புராகு எனப்படும், ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த பட்டியல்களை 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விலைக்கு வாங்கியிருந்தது 1975-க்குப் பின் அம்பலமாயிற்று.

இது சமூகத்தின் தப்பெண்ணம், அரசின் குற்றமன்று என்று வாதிடலாம். ஆனால் தப்பெண்ணத்துக்கு முகவரி தந்தது அரசின் ஏடு. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 14-ஆம் பிரிவு சமூக நிலை, குடும்பப் பிறப்பு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அதன் பின்னும் 2016-இல் புராகு பாகுபாட்டை ஒழிக்கத் தனிச்சட்டம் தேவைப்பட்டது. குலவரிசையை ஓர் ஆணையால் நீக்கிவிடலாம்; பிறப்பைப் பற்றி அரசு எதை எழுதுகிறது, யாருக்குக் காட்டுகிறது என்பதைக் கட்டுப்படுத்தும்போதே அந்த நீக்கம் மெய்யாகிறது. நவீன அரசை இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.