ஹட் பேயும் வண்ணப் பாவைகளும்

போர்ட் பிளேயருக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் சிறிய அந்தமான் தீவு இருக்கிறது. அதன் துறைமுக ஊர் ஹட் பே. தெற்கே பத்துப் பாகைக் கால்வாய். அதற்கு அப்பால் நிக்கோபார்த் தீவுகள். இச்சிற்றூரில் பல மக்களின் பாவை மரபுகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதை நாம் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இத்தீவின் தொல்குடியினர் ஓங்கே மக்கள். வண்ணம் அவர்களுக்குப் பாவைக்கு உரியதன்று, மேனிக்கு உரியது. வெண்களிமண்ணையும் செங்காவியையும் குழைத்து முகத்திலும் உடலிலும் கோலம் தீட்டுவது அவர்தம் பழமையான கலையாகும்.

1970-களில் ஹட் பேயை அடுத்த ஹர்மிந்தர் பேயில் நிக்கோபாரியர் குடியேறினர். அவர்களுடைய தாயகத்தில், சிறப்பாக நான்கவுரித் தீவுக்கூட்டத்தில், மரத்தில் பாவை செதுக்கி வண்ணம் தீட்டி இல்லத்தில் நிறுத்தும் வழக்கம் இருந்தது. அப்பாவைக்குக் கரேயாவ் என்பது பெயர். நோய் தரும் ஆவிகளை அது விரட்டும் என்று நம்பினர். 19-ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் பணியாற்றிய ஈ. எச். மேன் இத்தகைய பாவைகளைத் திரட்டினார். அவற்றுட் சில இன்றும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

1960-களின் இறுதி தொடங்கி கிழக்கு வங்கத்து அகதிகளும் இத்தீவில் குடியமர்த்தப்பட்டனர். வங்க நாட்டுக் கிருஷ்ணநகரின் மண்பாவைகள் புகழ் வாய்ந்தவை. உழவர், நெசவாளர், தச்சர் எனப் பல தொழிலாளரையும் உயிருள்ளார் போலவே சிற்றளவில் வடிப்பது அவ்வூர்க் கலைஞரின் திறம். 1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் அவை இடம் பெற்றன.

தமிழர் மரபோ கொலு. களிமண்ணை இருபாதி அச்சுகளில் பதித்து, ஒட்டி, நிழலில் உலர்த்திச் சுடுவர். அதன் மேல் வெண்பூச்சு. அது காய்ந்த பின்னரே வண்ணம். அகலமான பரப்பை முதலிலும் நகை, கரை முதலிய நுண்ணிய கோடுகளைப் பின்னரும் தீட்டிக் கண்களை இறுதியில் எழுதுவர். கண் எழுதும்வரை அது மண். எழுதிய பின் அது பாவை.

பாவைக்கு நிறத்தைப் போலவே நிலையும் இன்றியமையாதது. தஞ்சைத் தலையாட்டிப் பொம்மையின் ஒரு வகை இதனை நன்கு விளக்கும். அதன் அடி உருண்டை; ஆயினும் அடியில் களிமண் பாரம் இருப்பதால், சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். பாரம் தாழ்ந்திருப்பின் உருவம் வீழாது என்பதே அதன் சூட்சுமம். 2008-09-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வறிவு எளிய பீடங்களுக்கும் பொருந்தும். கொலுப் படிக்குப் பொன்னும் வேண்டா, தேக்கும் வேண்டா. டிரங்குப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி வெள்ளை வேட்டி விரித்தாலே ஒற்றைப்படைப் படிகள் அமைந்துவிடுகின்றன. தனிப்பாவைக்கு, அதன் அடியினும் அகன்ற கழிவுமரத் துண்டு போதும். வெற்றிடத்தில் ஈரமண் நிரப்பிக் காயவிட்டால் பாரமும் சேரும். கடற்கரை மணலைப் பசையின் மேல் தூவினால் அதுவே நிலப்பரப்பாகும்.

இவற்றை இப்போது எண்ணுவானேன்? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஹட் பேயையும் ஹர்மிந்தர் பேயையும் தாக்கியது. கரையோர இல்லங்கள் அழிந்தன. அவற்றோடு இல்லத்துப் பொருள்களும் போயின. தொலைநகரத்து அருங்காட்சியகத்தில் பாவைகள் பாதுகாப்பாக இருக்கின்றன. ஆனால் அங்கே அவற்றை மீண்டும் செய்யும் கை இல்லை. மண்ணும் மரத்துண்டும் நிறமும் மீண்டும் கிடைக்கும். செய்முறை ஒருமுறை மறக்கப்படின் மீளாது. ஆதலின் பாவையைக் காப்பதினும், பாவை செய்யும் கையைக் காப்பதே முதற்கடன். நம் பிள்ளைகளிடம் பாவையைக் காட்டி நிறுத்தாமல் தூரிகையையும் கொடுப்போமாக.