நெய்யாறும் பொழியூர்க் கடலும்: ஒரே கேமரா, இரண்டு தண்ணீர்

பாறசாலையில் இருப்பவருக்குத் தண்ணீருக்கடியில் வீடியோ எடுக்க இரண்டு இடங்கள் பக்கத்திலேயே உண்டு. வடக்கே, அகத்தியர் மலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாரில் கடல் சேரும் நெய்யாறு. தெற்கே, பொழியூர் தாண்டித் தமிழ்நாட்டு நீரோடி வரைக்கும் நீளும் கடற்கரை; அதற்கு அப்பால், மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகள். ஹவுசிங் எனப்படும் நீர்புகாப் பெட்டிக்குள் பூட்டிய ஒரு கேம்கார்டரை இரண்டிலும் இறக்கலாம். ஆற்றில் பழகிவிட்டுக் கடலுக்குப் போ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறு என்பது எளிதாக்கப்பட்ட கடல் அல்ல. கடலில் சரியாக இருக்கும் ஏற்பாடுகளில் பாதி, ஆற்றில் தவறாகிவிடும்.

முதலில் நிறம். தண்ணீர் தன் இயல்பில் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சும். 5 மீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். இந்த 5 மீட்டரை ஆழம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்பரப்பிலிருந்து மீன் வரைக்கும், மீனிலிருந்து லென்ஸ் வரைக்கும் ஒளி கடக்கும் மொத்தத் தொலைவு அது. 3 மீட்டர் ஆழத்தில், 2 மீட்டர் தள்ளி நிற்கும் கலவாயை எடுத்தாலே அளவு எட்டிவிட்டது. பாரில் செக்கச்செவேல் என்றிருக்கும் கடற்பஞ்சு, திரையில் சாம்பல் பூத்துத் தெரிவதற்கு இதுதான் காரணம். அதனால் கடலில் சிவப்பு வடிகட்டி போடுகிறார்கள். நம் கரையோரத்தில் நுண்பாசி மிகுந்து தண்ணீர் பச்சையாக இருக்கும் நாட்களில் மெஜந்தா வடிகட்டி இன்னும் பொருந்தும்.

அதே சிவப்பு வடிகட்டியோடு நெய்யாற்றில் இறங்கினால் படம் கட்டன்சாயா நிறத்தில் வரும். மட்கிய இலைதழையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரைந்து வரும் பொருட்கள் ஆற்றுநீரில் நீல ஒளியைக் குறைத்துவிடுகின்றன. ஆழமும் ஓரிரு மீட்டர்தான் என்பதால் சிவப்புக்குப் பெரிய சேதம் இல்லை. ஆக, கடலில் தொலைவது சிவப்பு, ஆற்றில் தொலைவது நீலம். ஆற்றுக்கு வடிகட்டியே வேண்டாம். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பலகையை எடுக்கப்போகும் ஆழத்தில் பிடித்து, வெள்ளைச் சமநிலையைக் கையால் பதிய வைத்தால் போதும். ஆனால் பல ஹவுசிங்குகளில் வெளியிலிருந்து இயக்க முடிவது ரெக்கார்டு பொத்தானும் ஜூமும் மட்டுமே. அப்படியானால் பூட்டுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். ஆற்றுக்கென ஒரு முடிவு, கடலுக்கென வேறொன்று.

லென்ஸ் விஷயத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான். தட்டைக் கண்ணாடி முகப்பு வழியாகப் பார்க்கும்போது பொருட்கள் கால்பங்கு நெருங்கி வந்ததுபோல் தெரியும், பார்வைப் பரப்பு சுருங்கும். பழைய ஹேண்டிகேம்கள் பலவற்றின் அகலமுனையே அவ்வளவு அகலம் கிடையாது. தண்ணீருக்குள் அது இன்னும் குறுகிவிடும். அகலம் கூட்டும் துணை லென்ஸ் ஒன்றை மாட்டி, ஜூமை அகலமுனையில் நிறுத்திவிட்டு, அதை மறந்துவிட வேண்டும். கலங்கல் தண்ணீரில் ஜூம் செய்தால் மீனோடு சேர்ந்து நடுவிலிருக்கும் தூசியும் பெரிதாகும். நெருங்கிப் போவது ஒன்றே வழி.

அந்த நெருக்கம் ஆற்றில் எப்படி வாய்க்கும் என்பதற்குப் பள்ளத்தி நல்ல உதாரணம். உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் மீன். தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும். ஓரப் பாறையில் வயிற்றை அழுத்திப் படுத்து, கேமராவைக் கல்லில் சாய்த்து அசையாமல் விட்டால், தூசிப் படலம் போன்ற குஞ்சுக் கூட்டம் முதலில் விலகும். பிறகு பெரிய மீன்களில் ஒன்று லென்ஸை நோக்கி நேராக வந்து, துடுப்பு விரித்து நிற்கும். அப்போது தூரம் ஒரு சாணுக்கும் குறைவு. ஆட்டோஃபோகஸ் இந்த நேரத்தில்தான் தூசிக்கும் மீனுக்கும் நடுவே அலைபாய்ந்து படத்தைக் கெடுக்கும். கல்லின் விளிம்பில் முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டி வைத்தவருக்குத்தான் அந்த மீனின் கண் தெளிவாகக் கிடைக்கும்.

வெளிச்சத்திலும் இரண்டும் எதிரெதிர்தான். கடலில் உச்சிவெயில் நல்லது. சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போதுதான் ஒளி அதிகமாக உள்ளே இறங்கும். ஆழமில்லாத ஆற்றிலோ அதே வெயில் அலைநெளிவுகளால் குவிந்து, பாறைமேல் வலைபோல ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு அழகுதான். கேம்கார்டருக்கு அது ஓயாத மினுக்கல். வெளிச்ச அளவைத் தானாகத் திருத்தித் திருத்தியே அது களைத்துவிடும். நெய்யாற்றுக்கு மேகமூட்டமோ சாய்ந்த வெயிலோதான் சரி.

எடையைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. உப்புநீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனமானது. 5 லிட்டர் தண்ணீரை இடம்பெயர்க்கும் ஹவுசிங், கடலில் மிதக்காமலும் அமிழாமலும் நிற்கும்படி சரிசெய்யப்பட்டிருந்தால், ஆற்றில் 125 கிராம் கனத்துப்போகும். கை தாழும், படம் சரியும். ஒரு சிறிய வலைமிதவையைக் கட்டினால் அது சரியாகிவிடும்.

ஹவுசிங்கைக் காப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆழம் கூடக்கூடத்தான் கசியும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அழுத்தி இறுக்குவதே தண்ணீரின் அழுத்தம்தான். அது குறைவாக இருக்கும் முதல் ஒரு மீட்டரில், ஒரு தலைமுடியோ மணல்துகளோ குறுக்கே கிடந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆற்றில் எடுப்பது பெரும்பாலும் அந்த முதல் மீட்டரில்தான் நடக்கிறது. முதலில் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை மட்டும் வைத்து முக்கிப் பார்க்க வேண்டும். கடலிலிருந்து வந்ததும் பூட்டியபடியே நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான்களின் சீல்கள் அறுபடும். நம்மூர்க் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கண்ணாடியில் உள்பக்கம் பனி படரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இடத்துக்கும் கட்டாயம்.

இனி உடம்பு அசையும் விதம். ஆற்றில் ஓட்டம் ஒரே திசையில் வரும். நீரோட்டத்தை எதிர்கொண்டு நின்றால் நாம் கிளப்பும் சேறு பின்னால் போய்விடும். கடலிலோ அலைவீச்சு முன்னும் பின்னும் தள்ளும். அதோடு மல்லுக்கட்டினால் படம் குலுங்கும். அதனோடு சேர்ந்தே போய், வீச்சு ஓய்ந்து திரும்பும் அந்தச் சில விநாடிகளில் எடுக்க வேண்டும். கோவளம், விழிஞ்ஞம் பாறைகளில் சிப்பி எடுக்கும் முக்குளிப்போர் இதைச் செய்வதைப் பார்க்கலாம். அவர்கள் பாறையைப் பற்றித் தொங்குவதில்லை. வீச்சு கொண்டுபோய்ச் சேர்க்கும் கணத்தில் கொத்துகிறார்கள். தெளிவு எப்போது, கலக்கு எப்போது என்பதையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பொதுவாக, தென்மேற்குப் பருவமழை முழுக்கக் கடல் கலங்கியே கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிவை எதிர்பார்க்கலாம். ஆறு வடகிழக்கு மழையிலும் கலங்கும் என்பதால் அது தெளிய ஜனவரி ஆகும்.

ஆபத்தும் ஒன்றுபோல் இல்லை. பொழியூர்க் கரை திறந்த மணற்கரை. அலை உடையும் இடத்தைக் கேமராவோடு கடப்பது வீண் வம்பு. வள்ளத்தில் போய்ப் பாரின்மேல் இறங்குவதே முறை. கரையில் காற்றே இல்லாதபோதும் தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகள் ஊரைத் தாக்கும். அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையின் பல இடங்களில் அடித்தது அதுதான். ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்னறிவிப்பு தருகிறது. பார்க்காமல் இறங்கக் கூடாது. ஆற்றில் ஆபத்து வேறு மாதிரி. 1888இல் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புரத்தில், அந்தக் கல்லை எடுக்க அவர் முங்கியதாகச் சொல்லப்படும் சங்கரன்குழி, ஆற்றின் ஆழம் கண்ணை எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சான்று. நெய்யாறு அணைக்கு மேலே உள்ள நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. அங்கே கேமராவும் வேண்டாம், குளியலும் வேண்டாம்.

பதிவுகளை வைத்துப் பார்த்தால் கடல் வெகுதூரம் முன்னே போய்விட்டது. திருவனந்தபுரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளை முன்னின்று நடத்தும் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’ குழு, மீனவர்களின் கடலறிவைத் துணைக்கொண்டு பார்களில் மூழ்கிப் படமெடுத்து வருகிறது. கரையிலுள்ள அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்திப் பாரின் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையையும் அவர்கள் மதித்துக் கற்றிருக்கிறார்கள். கைவிடப்பட்ட வலைகள் பவளத்தையும் பாறையையும் மூடிக் கிடப்பதைக் கரையில் இருப்பவர்களுக்குக் காட்டியவை அத்தகைய வீடியோக்களே. நெய்யாற்றுக்கு அப்படி ஒன்றும் எனக்குத் தென்பட்டதில்லை. மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துபோன ஆறு அது. அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்ட, கடலுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு போதும். அதனால்தான் ஆற்றை வெறும் பயிற்சிக்களமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டும் கலக்கும் பூவார்ப் பொழிமுகத்தில் எந்த ஏற்பாடும் எடுபடாது. பொழி திறந்திருக்கும்போது கனத்த உப்புநீர் அடியிலும் நன்னீர் மேலேயும் ஓடும். இரண்டும் உரசும் அடுக்கில் ஒளி தாறுமாறாக வளைவதால், எண்ணெய் பூசியதுபோல் படம் கலையும். ஃபோகஸைத் திருத்திப் பயனில்லை. அந்த அடுக்குக்குக் கீழே போனால்தான் தெளியும். பொழி கடலுக்குள் இழுக்கும் நேரத்திலோ அங்கே யாரும் இறங்கவே கூடாது. கழிமுகத்தைப் படகில் கரிமீன் பார்க்கும் இடமாக விட்டுவிடுவதே நல்லது.

புதிதாகத் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. பொழியூரிலிருந்து வர்க்கலை வரை 42 மீனவக் கிராமங்களை ஒட்டிச் செயற்கைப் பார் அமைக்கும் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. காங்கிரீட் அலகுகள் இறக்கப்பட்ட ஆழம், 5 மீட்டர் வரைக்குமே தாங்கும் ஸ்போர்ட்ஸ் பேக் வகை ஹவுசிங்குக்கு அப்பாற்பட்டது. ஸ்கூபா பயிற்சியும், ஆழம் தாங்கும் உலோக ஹவுசிங்கும், சொந்த விளக்கும் வேண்டும். அந்த ஆழத்தில் சிவப்பு முற்றிலும் போய்விட்டிருக்கும், வடிகட்டியால் மீட்க முடியாது. விளக்குகளை லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காமல் கைகளை அகட்டிப் பிடித்தால், மிதக்கும் தூசி வெள்ளைப் புள்ளிகளாக மின்னாது. ஆற்றில், அருவிப்புரத்துக்குக் கீழே ஆழமில்லாத ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்கலாம். பாரில் ஓர் அலகு, ஆற்றில் ஒரு கல்; ஆண்டுதோறும் ஜனவரியில் அதே கோணம், அதே தூரம், சட்டகத்தின் ஓரத்தில் அதே வெள்ளைப் பலகை. அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பலகை கட்டாயம் இருக்க வேண்டும்.