சிலந்தியின் கதையும் 680 என்ற எண்ணும்

கனடாவில் வாழும் என் மருமகள் அண்மையில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். தன் மகளுக்கு ஈ.பி. வைட் எழுதிய 'சார்லொட்ஸ் வெப்' நூலை வாங்க எண்ணியவள், அதன் வாசிப்பு மட்டம் 680 என்றும், வாசிக்கச் சில மணித்தியாலங்கள் போதும் என்றும் கண்டாளாம். "மாமா, இது மூன்றாம் வகுப்பு மட்டமாம். பிள்ளை ஐந்தாம் வகுப்பல்லவோ?"

அந்த எண்ணுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதில் எம் பத்திரிகைத் தொழிலுக்கும் பங்குண்டு.

1921இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோண்டைக், அச்சில் அடிக்கடி வரும் 10,000 ஆங்கிலச் சொற்களை ஆசிரியர்களுக்காகப் பட்டியலிட்டார். அரிதாக வரும் சொல்லே கடினமான சொல் என்ற கருத்து அதன் வழியே வலுப்பெற்றது. வியன்னாவில் பிறந்து, நாஸிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவை அடைந்த ருடோல்ஃப் ஃபிளெஷ், 1948இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். வாக்கியத்தில் எத்தனை சொற்கள், சொல்லில் எத்தனை அசைகள் என்பவையே அதன் கணக்கு. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. 1975இல் அமெரிக்கக் கடற்படை, தன் தொழில்நுட்பக் கையேடுகளை அளப்பதற்காக அச்சூத்திரத்தை வகுப்பு எண் காட்டும்படி மாற்றியமைத்தது. கடற்படையினரைச் சோதித்து வகுத்த அளவுகோலே பின்னர் குழந்தைகளின் நூல்களுக்கும் வந்து சேர்ந்தது.

வைட் இந்த அளவுகோலை முன்பே அறிந்தவர். ஃபிளெஷின் முறையைத் தழுவி ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் உருவாக்கிய வாசிப்பு எளிமைக் கணிப்பான் ஒன்று அவர் கைக்கு வந்தபோது, அதனை எள்ளி நகையாடி ஒரு கட்டுரை எழுதினார். எளிமை என்பது வாசகனின் நிலையே அன்றி எழுத்தின் நிலை அன்று என்பது அவர் வாதம். 1952இல் வெளிவந்த அவருடைய சிறுவர் நூலில், சிலந்தி பன்றிக்குட்டிக்கு முகமன் கூறுவதே ஒரு பெருஞ்சொல்லால்தான். பன்றிக்குட்டி திகைக்கிறது, சிலந்தி பொருள் சொல்கிறது. வாசிக்கும் பிள்ளையும் அச்சொல்லைக் கற்றுக்கொள்கிறது.

680 என்பது லெக்சைல் என்ற பிற்கால அளவீடு. அதுவும் வாக்கிய நீளத்தையும் சொல் வழக்கின் அடர்த்தியையுமே பார்க்கிறது. நிலமிழந்த உழவர்களின் பட்டினியைச் சொல்லும் ஜோன் ஸ்டெய்ன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஒவ் ராத்' நாவலுக்கும் அதே 680தான் கிடைத்தது. அதனை எட்டு வயதுப் பிள்ளையிடம் யார் கொடுப்பார்?

வாசிப்பு நேரமும் இத்தகையதே. வைட்டின் நூலில் 22 அத்தியாயங்கள், ஏறத்தாழ 32,000 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொற்கள் வாசிப்பவருக்கு இரண்டு மணி 40 நிமிடம். 100 சொற்கள் வாசிக்கும் பிள்ளைக்கு ஐந்து மணி 20 நிமிடம். கணக்கில் பிழையில்லை. ஆனால் 1970இல் வைட் தாமே அந்நூலை ஒலிப்பதிவுக்காக வாசித்தபோது, சிலந்தி இறக்கும் இடத்தில் குரல் தழுதழுத்து நின்றுவிட்டார். 17 தடவை முயன்ற பின்னரே அப்பகுதி பதிவானதாக ஒலிப்பதிவை நடத்தியவர் கூறியிருக்கிறார். எழுதியவருக்கே அவ்வளவு நேரம் எடுத்த பக்கத்துக்கு எந்தச் சூத்திரம் நேரம் குறிக்கும்?

இதை எழுதும்போது எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. இளமையில் ஒரு பத்திரிகையின் சிறுவர் பகுதியைச் செப்பனிட்ட காலத்தில், "பிள்ளைகளுக்கு விளங்காது" என்று எத்தனையோ நல்ல தமிழ்ச் சொற்களைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகவே அன்று நம்பினேன். அவர்கள் அறிந்திருக்கக்கூடிய சொற்களை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது இன்று புரிகிறது.

மருமகளுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. "வாங்கிக் கொடு, பிள்ளை" என்றேன். "ஓர் அத்தியாயத்தை நீ வாசி, அடுத்ததை அவள் வாசிக்கட்டும். அவள் நிறுத்தும் இடத்தில் நீயும் நிறுத்து. மணிக்கூட்டைப் பார்க்காதே."